மூலையில் இருந்த கறுப்புப் பெட்டி

பாடாங் செராய் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர், வீட்டுக்கு எந்தக் கணினி வாங்குவது என்று கேட்டு, நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 43. தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறார். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்; தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பொருளாளரும் அவர்தான். மகள் படிவம் 4, அறிவியல் பிரிவு. அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகிறாள். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. வீட்டில் இதுவரை கணினி கிடையாது. பள்ளி இணையத்தில் கொடுக்கும் வேலைகளையெல்லாம் மகள் தாயின் கைப்பேசியில்தான் முடிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த 2,600 ரிங்கிட் கையில் இருக்கிறது. பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தபோது மூன்று பெட்டிகளைக் காட்டினார்களாம்.

முதலாவது, பழையது: ஐ7, 16 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11, ஆபீஸ் எல்லாம் ஏற்றியது, 1,350 ரிங்கிட். இரண்டாவது, புதியது: ஐ3, 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; 1,900. மூன்றாவது, கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் வைத்த விளையாட்டுக் கணினி, 3,400. காசு போதாவிட்டால் மாதம் 170 வீதம் 24 மாதத் தவணை. எதிலும் திரை சேராது.

பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி, "ஐ3 பக்கமே போகாதே, ஐ7தான் பெரியது, விலையும் குறைவு" என்கிறார். மகனுக்கு விளக்கு எரியும் பெட்டிமேல் ஆசை. மகள் தனக்கு மடிக்கணினிதான் வேண்டும் என்கிறாள். ரேம் கூடினால் இணையம் வேகமாகும் என்றும், கணினி வாங்கினால் வரியில் 2,500 ரிங்கிட் திரும்பக் கிடைக்கும் என்றும் கணவர் கேள்விப்பட்டிருக்கிறார். போன ஆண்டு இடி விழுந்து தொலைக்காட்சி எரிந்துபோன பயம் வேறு. கடையின் ரசீதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டார்கள்.

அன்புச் சகோதரிக்கு,

வாங்காமல் திரும்பியது நல்லதாயிற்று. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். கடையின் மூலையில் சிறிய கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உங்கள் கணவர் அவற்றைக் கேட்டார். "அதெல்லாம் ஆபீசில் கழித்தவை, வெறும் ஐ5, 820 ரிங்கிட், பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் வீட்டுக்கு வேண்டிய கணினி அநேகமாக அந்த மூலையில்தான் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் தம்பியின் கணக்கைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

ஐ7 என்பது ஒரு பதவிப் பெயர்

பெரிய கிராணி என்ற பதவி தோட்டங்களில் நம் தாத்தா காலத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பதவியின் பெயர் ஒன்றுதான். ஆனால் அன்றைய பெரிய கிராணி பேரேட்டில் மை தொட்டு எழுதிய வேலையையும், இன்று அலுவலகத்தில் இளநிலைக் கிராணி கணினியில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கணினியின் மூளையான பிராசசர் என்ற சில்லுக்கு இண்டெல் நிறுவனம் வைத்திருக்கும் ஐ3, ஐ5, ஐ7 என்பவையும் அப்படிப்பட்ட பதவிப் பெயர்களே. அந்தந்தத் தலைமுறைக்குள் யார் மூத்தவர் என்பதை மட்டும் அவை சொல்லும். எந்தத் தலைமுறை என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விலைச்சீட்டின் படத்தில் முதல் பெட்டிக்கு ஐ7-4770 என்று இருக்கிறது. முதல் இலக்கம் 4, ஆகவே நான்காம் தலைமுறை. இண்டெல் நிறுவனம் அதை வெளியிட்டது 2013இல். உங்கள் மகன் அப்போது பிறந்திருக்கமாட்டான். இரண்டாவது பெட்டியில் இருப்பது ஐ3-12100. முன்னால் உள்ள 12 என்பதுதான் தலைமுறை, ஆண்டு 2022. பிராசசருக்குள் வேலையைச் செய்யும் மைய அலகுகள் (கோர்) இரண்டிலும் நான்குதான். அன்றாட வேலைகளில் அந்தப் புதிய ஐ3, பழைய ஐ7ஐ எளிதாக முந்திவிடும். மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். உங்கள் தம்பி சொன்னது ஒரே ஆண்டில் வந்த இரண்டு பிராசசர்களை ஒப்பிட்டால் சரி. ஒன்பது ஆண்டு இடைவெளியில் அது தலைகீழாகிவிடுகிறது.

பினாங்கில் வேலை செய்பவர் என்பதால் அவர் சொல்லை வீட்டில் எல்லோரும் நம்பியதில் வியப்பில்லை. இண்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் 1972இல் தொடங்கியது. நம் வட்டாரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய் இந்தச் சில்லுகளைத் தொட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனாலும் வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

தலைமுறை இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற இண்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல் வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர் என்றால் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசை முதல். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லின் வசதியும் இருக்க வேண்டும். நான்காம் தலைமுறைப் பெட்டி இந்தத் தகுதிக்குள் வராது. அப்படியிருந்தும் கடையில் விண்டோஸ் 11 ஓடியதென்றால், சோதனையைச் சுற்றிக்கொண்டு போய் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோயில் பணக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் திறக்கப்போகிற கணினியை அந்த நிலையில் வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆகவே, நான் முன்பு சொன்ன நிபந்தனை இதுதான். அந்தக் கறுப்புப் பெட்டியில் ஐ5-8500 என்றோ அதற்கு மேற்பட்ட தலைமுறை எண்ணோ இருந்தால் வாங்கலாம். 2018இல் வந்த அந்த ஐ5இல் ஆறு மைய அலகுகள் உண்டு. பள்ளி வேலைக்கும் கணக்கு எழுதவும் இணையவழிப் பாடம் பார்க்கவும் தாராளமாகப் போதும். ஐ5-6500, ஐ5-7500 என்று இருந்தால் வேண்டாம். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான். விலையும்கூட அருகருகே சொல்வார்கள். எண்ணைப் படிக்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வேகம் எங்கே இருக்கிறது

இரண்டாவது தவறான எண்ணம், 1 டி.பி. என்றால் 512 ஜி.பி.யைவிட இரண்டு மடங்கு நல்லது என்பது. இடம் இரண்டு மடங்குதான். ஆனால் முதல் பெட்டியில் இருப்பது பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. இசைத்தட்டின் ஊசிபோல ஒரு முள் ஓடி ஓடித் தகவலைத் தேடுகிறது. ஒரு விநாடியில் ஏறத்தாழ நூறு இடங்களுக்குத்தான் அந்த முள்ளால் போய்வர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எஸ்.எஸ்.டி.யும் கோப்புகளைச் சேமித்து வைப்பதுதான், ஆனால் அதில் அசையும் உறுப்பே கிடையாது. விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். இத்தனை ஆண்டுகளாக நான் பழுதுபார்த்த கணினிகளில், "ரொம்ப மெதுவாக இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டு வந்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்ததுதான் நான் செய்த வைத்தியம். உங்கள் வீட்டுக்கு 256 ஜி.பி. போதும், 512 கிடைத்தால் வசதி. வாங்கி வந்து பார்க்கும்போது 512 என்பது திரையில் 476 என்று தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ரேம் பற்றி உங்கள் கணவர் கேட்டதற்குச் சுருக்கமான பதில்: ரேம் (திறந்திருக்கும் வேலைகளைக் கணினி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) இணையத்தை வேகமாக்காது. இணையத்தின் வேகம் நீங்கள் எடுக்கும் இணைப்பையும் வீட்டு வைஃபையையும் பொறுத்தது. ஆனால் ரேம் போதாதபோது நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே கணினி திணறும். பார்ப்பவருக்கு அது இணையக் கோளாறுபோலத் தோன்றும். 8 ஜி.பி. இன்றைக்கு ஓடும், 16 ஜி.பி. நிம்மதி. கறுப்புப் பெட்டியில் 8 இருந்தால் இன்னொரு 8ஐச் சேர்த்துத் தரக் கேளுங்கள். மேசைக் கணினியில் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

விளக்கு எரியும் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாதம் 170 வீதம் 24 மாதம் என்றால் 4,080 ரிங்கிட். 680 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். கையில் குறைகிற தொகையை ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று கடைக்காரர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எடுக்க முடியும் என்பது உண்மை. மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நாளுக்காக அதை அங்கேயே விட்டுவையுங்கள். மகனிடம் நேராகச் சொல்லுங்கள்: அவன் வயதுக்கு ஏற்ற எளிய விளையாட்டுகள் கறுப்புப் பெட்டியிலும் ஓடும்.

மடிக்கணினி கேட்கும் மகள்

உங்கள் மகளின் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். அவள் கேட்பது பிடிவாதமில்லை. மடிக்கணினிக்கு நியாயமான நன்மைகள் உண்டு: மின்சாரம் போனாலும் ஓடும், திரையும் கேமராவும் ஒலிபெருக்கியும் வைஃபையும் உடனிருக்கும், தூக்கிக்கொண்டு அமைதியான இடத்துக்குப் போகலாம். முன்கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்பதில் பாதி மடிக்கணினி, பாதி அந்த அமைதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதே விலைக்கு மேசைக் கணினியில் பெரிய திரையும் நிமிர்ந்து உட்காரும் வசதியும் கிடைக்கும். ஓர் உறுப்பு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் விசைப்பலகைமேல் தேநீர் கொட்டினால் மொத்தமும் போகலாம். மேசைக் கணினியில் புதிய விசைப்பலகை முப்பது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டுக்கு இது பெரிய வேறுபாடு. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். எஸ்.பி.எம். முடிந்து மெட்ரிகுலேஷனுக்கோ ஆறாம் படிவத்துக்கோ விடுதிக்கோ அவள் போகும்போது மடிக்கணினி கட்டாயம் வேண்டியிருக்கும். இன்று வாங்கும் மலிவான மடிக்கணினி அதற்குள் தளர்ந்திருக்கும். அவளோடு அதுவும் போய்விட்டால் மகனுக்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி 820. புதிய திரை ஒன்று 350 அளவில். விசைப்பலகையும் மவுசும் 50, வெப்கேம் 80, ஹெட்போன் 40, வைஃபை வாங்கி (வைஃபை அலையைப் பிடிக்கும் சிறு கருவி) 40, மின்சாரம் போனாலும் சில நிமிடம் ஓடவிடும் யு.பி.எஸ். பெட்டி 220. இவை என் மதிப்பீடு. கடைக்குக் கடை சிறிது மாறும். மொத்தம் 1,600. கழித்த அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் வைஃபை இருக்காது, கேமராவும் இருக்காது. பலர் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மீதி 1,000 ரிங்கிட்டை மகளின் பெயரில் ஒதுக்கி, "இது உன் மடிக்கணினிக்கு" என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு மேசையை அவள் படிக்கும் மூலையில் போடுங்கள். மகனுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள்.

இதே துணைப்பொருள்களைப் புதிய ஐ3 பெட்டியோடு சேர்த்தால் 2,680 வருகிறது, கையிருப்பைத் தாண்டிவிடுகிறது. வேகத்தில் அந்த ஐ3தான் மேல் என்பதை மறைக்கமாட்டேன். உத்தரவாதமும் நீண்ட காலத்துக்கு இருக்கும். கறுப்புப் பெட்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: அதன் மின்வழங்கி (பவர் சப்ளை) அந்தப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், ஆகவே பழுதானால் எல்லாக் கடையிலும் மாற்றுக் கிடைக்காது, பெரிய கிராபிக்ஸ் கார்டும் உள்ளே நுழையாது. 820க்கு அந்தக் குறைகளோடு அதை ஏற்கலாம் என்பது என் கருத்து. மூலையில் எட்டாம் தலைமுறைப் பெட்டி இல்லையென்றால் ஐ3ஐ எடுங்கள். வெப்கேமையும் ஹெட்போனையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம், யு.பி.எஸ்.ஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இடி, மின்னல், பல்லி

நம் பக்கத்தில் கணினியைக் கொல்வது பெரும்பாலும் வயதாக இருப்பதில்லை. மாலை நேரத்து இடிமழைதான். மின்கம்பி வழியாகவும், வீட்டுக்கு வரும் செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும், கூரைமேல் உள்ள ஆண்டெனா வழியாகவும் மின்னலின் அதிர்ச்சி உள்ளே நுழைகிறது. என்னிடம் வரும் பெட்டிகளில் சிலவற்றில் மின்வழங்கி நன்றாகவே இருக்கும். இணையக் கம்பி சொருகும் துளை மட்டும் உள்ளே கருகி, தாய்ப்பலகையின் (மதர்போர்டு) மூலையில் புகை படிந்திருக்கும். வீட்டார், "சுவிட்சை அணைத்துவிட்டோமே!" என்பார்கள். சுவிட்சை அணைத்தவர்கள், மோடத்திலிருந்து வந்த கம்பியை மறந்திருப்பார்கள்.

சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதும் பாதுகாப்பு ஆகாது. அதற்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். மேகத்திலிருந்து தரைவரை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அது ஒரு தடையா? பிளக்கைப் பிடுங்கி வெளியே எடுக்க வேண்டும். இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். வைஃபையில் இணைத்தால் அந்தக் கம்பியே தேவைப்படாது என்பது நான் வைஃபை வாங்கியைப் பட்டியலில் சேர்த்ததற்கு இன்னொரு காரணம். கண்ணாடியிழை இணைப்பு வைத்திருந்தால் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டியும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது, அதையும் பிடுங்குங்கள். மின்னல் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகை வாங்கினால் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது சிறு அதிர்ச்சிகளைத் தாங்கும், நேரடி இடியைத் தாங்காது. தோட்டத்து வீட்டில் நிலக்கம்பி (எர்த்) சரியாக இல்லையென்றால் அதுவும் உதவாது. எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். யு.பி.எஸ். எதற்கென்றால், திடீரென மின்சாரம் போகும்போது கோயில் கணக்கைச் சேமித்து, முறையாக அணைக்கச் சில நிமிடம் தருவதற்கு.

பல்லி என்று தலைப்பில் போட்டது விளையாட்டுக்கு இல்லை. தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது, மின்வழங்கியின் விசிறிக்குப் பின்னால் செம்மண் தூசி மெத்தைபோலப் படிந்திருந்தது. அதில் இரண்டு வெள்ளை முட்டைகள். அருகே இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடந்தது தாய்ப்பல்லி. சூடான, இருட்டான இடம். அது என்ன செய்யும்? பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். பின்பக்கத்தில் மூடியில்லாத ஓட்டைகள் இருந்தால் கடையிலேயே தகடு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அப்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியது

அடுத்த முறை போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். கறுப்புப் பெட்டியைத் திரையோடு இணைத்து ஓடவிடச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் திறக்கும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அரை நிமிடம் தாண்டினால் காரணம் கேளுங்கள். பிறகு விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்துக்குப் போனால், பிராசசரின் முழுப் பெயரும் எண்ணும் வலது மேல்மூலையில் வரும். ரேம் எவ்வளவு, எத்தனை இடம் காலி என்பதும் தெரியும். டிஸ்க் என்ற இடத்தில் எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்கா என்று எழுதியிருக்கும். ஒட்டியிருக்கும் வில்லையை மாற்றி ஒட்ட முடியும், இங்கே வருவதை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

விண்டோஸ் முறைப்படி செயற்படுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அமைப்புகள் பகுதியில் பாருங்கள். ‘ஆபீஸ் இலவசம்’ என்று சொல்வதற்கு மயங்காதீர்கள். பூட்டை உடைத்து ஏற்றிய மென்பொருளோடு வேறு என்னென்ன உள்ளே வந்தது என்பதை யாரும் சொல்ல முடியாது. உங்கள் மகளுக்குக் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும். அதன் வழியாக கூகுள், மைக்ரோசாஃப்ட் கருவிகளை இணையத்திலேயே பயன்படுத்தலாம். கோயில் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் முழுவதும் போதும். கணக்குக் கோப்பின் ஒரு படியைப் பெருவிரலளவு உள்ள ஒரு பென்டிரைவில் வாரம் ஒரு முறை எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள்.

ரசீதும் உரிமையும்

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வாசகம் உங்கள் சட்ட உரிமையை அழித்துவிடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பழைய பொருளென்றால் அதன் விலையும் தன்மையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: வாங்கிய பிறகு மனம் மாறிவிட்டது, மகனுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை.

எனவே ரசீதில் வெறுமனே ‘கம்ப்யூட்டர் 1’ என்று எழுத விடாதீர்கள். பிராசசரின் முழு எண், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, விண்டோஸ் உரிமம் உண்டு, எத்தனை மாத உத்தரவாதம் ஆகிய எல்லாவற்றையும் எழுதி முத்திரை போட்டுத் தரக் கேளுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட்வரை கோரலாம். கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான்.

வரி பற்றி: 2,500 ரிங்கிட் திரும்பி வராது. வாழ்க்கைமுறைச் செலவு என்ற பிரிவில் கணினி, புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,500வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறார்கள். உங்கள் கணவரின் வரிக்குரிய வருமானம் 3 விழுக்காட்டுப் படியில் இருந்தால், 1,600 ரிங்கிட் செலவு முழுவதும் ஏற்கப்பட்டாலும் 48 ரிங்கிட் வரிதான் குறையும். அவர் வரியே கட்டாதவர் என்றால் இதனால் ஒன்றும் கிடைக்காது. ரசீதை ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில், கோயில் கணக்கை உண்மையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது நீங்கள்தான் என்றும், உங்களுக்கு ஆங்கில விசைப்பலகை தெரியாது என்றும், இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் அது உண்டு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆங்கிலம் தேவையே இல்லை. எழுத்துகள் ஒட்டிய வில்லைத் தாளைச் சில ரிங்கிட்டுக்கு வாங்கி விசைகள்மேல் ஒட்டிக்கொள்ளலாம். ‘ம’வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். அ, ம, ம, ன, கடைசியில் ஒரு புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டுங்கள். கணக்கின் முதல் வரியில் ‘அம்மன்’ என்று வந்திருக்கும்.